சித்திர மென்பொருள்கள் இடையில் நிற்பதேன்?

முற்காலத்தில் ஓர் அட்டைப்படமோ விளம்பரத் தாளோ அச்சேற வேண்டுமாயின், சித்திரக்காரர் தூரிகை கொண்டு வரைய, அதனைப் படம் பிடித்து உலோகத் தகட்டிற் பிளாக்கு எடுத்து, அதன் பின்னரே அச்சகத்தார் தம் வேலையைத் தொடங்குவர். இன்றோ அவ்வேலைகளிற் பெரும்பாலானவை கணினித் திரையிலேயே நிறைவுறுகின்றன. 1987-ஆம் ஆண்டில் இல்லஸ்ட்ரேட்டரும், 1989-இல் கோரல்டிராவும், 1990-இல் போட்டோஷாப்பும் விற்பனைக்கு வந்தன. விலையின்றி யாவரும் பெறத்தக்க கிம்ப் 1996-இலும், இங்க்ஸ்கேப் 2003-இலும் வெளிப்போந்தன. கல்லூரி விழாவிற்குச் சுவரொட்டி அமைக்கும் மாணவர் முதல், கலியாணப் பத்திரிகை அச்சிடுவோர் ஈறாக, இவற்றுள் ஒன்றையேனும் கையாள்வோர் யாவர்க்கும் பொதுவானதோர் அநுபவம் உண்டு. மூன்று மணி நேரம் உழைத்து அமைத்த சித்திரம் கண்முன் நிற்கையில், திரை ஒரு கணம் அசைவற்றிருக்கும். பின்னர் மென்பொருள் தானே மூடிக்கொள்ளும். உழைப்பு போனது போனதுதான். இதனையே கிராஷ் ஆதல் என்று வழங்குகின்றனர்.

சில வாரங்கள் சென்றபின், புதிய பதிப்பு வந்துள்ளது என்றும், அதில் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது என்றும் ஓர் அறிவிப்பு வரும். நாமும் அதற்கு இசைவு கொடுத்துவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விடுகின்றோம். அவ்வொரு வரி அறிவிப்பினுள் அடங்கிய உழைப்பு யாது, அதற்கும் நமக்கும் உள்ள தொடர்பு யாது என்பவற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் இம்மென்பொருள்களின் பருமனை உணர்தல் வேண்டும். கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தார், போட்டோஷாப்பின் 1.0.1 என்னும் 1990-ஆம் ஆண்டுப் பதிப்பின் மூலநிரலை 2013-இல் யாவரும் படிக்குமாறு வெளியிட்டனர். அஃது ஏறக்குறைய 128,000 வரிகளைக் கொண்டது. பெரும்பகுதி பாஸ்கல் என்னும் கணினி மொழியில் ஆயது. அதனைத் தொடங்கியவர் தாமஸ் நோல். அக்காலத்தில் அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் (நம் மாணவ நண்பர்கள் இதனைக் கருதுவாராக). அவருடைய தம்பி ஜான் நோல் உடன் உழைத்தார். அப்பதிப்பு ஒருவர் தம் மனத்தகத்தே முழுமையாக வைத்துக்கொள்ளத் தக்க அளவினது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளாக அடுக்கின்மேல் அடுக்காக வளர்ந்த இன்றைய மென்பொருளை அவ்வாறு ஒருவர் உள்ளத்தில் அடக்குதல் இயலாது. ஒருவர் எழுதிய பகுதியை அறியாது மற்றொருவர் எழுதும் பகுதியிலேதான் பெரும்பாலான பிழைகள் முளைக்கின்றன.

இனி, சித்திர மென்பொருள்கள் ஏனையவற்றினும் மிகுதியாக நின்றுபோவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அது படங்களின் பேரளவேயாம். ஒரு கணக்கு இட்டுப் பார்ப்போம். மூன்றடி நீளமும் இரண்டடி அகலமுமுள்ள ஒரு சுவரொட்டியை, ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அச்சகத்தார் கேட்கும் அளவில் அமைப்பதாகக் கொள்வோம். நீளத்தில் 10,800 புள்ளிகள், அகலத்தில் 7,200 புள்ளிகள்; பெருக்கினால் 77,760,000 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வர்ணங்களுக்கும் ஒளிபுகும் தன்மைக்குமாக ஒரு புள்ளிக்கு நான்கு பைட்டுகள் என்றால், முழுப்பரப்பையும் நிரப்பும் ஓர் அடுக்கிற்கு 311,040,000 பைட்டுகள் ஆகின்றன. இத்தகைய அடுக்குகள் பத்து இருப்பின், தொகை முந்நூறு கோடியைத் தாண்டிவிடும். செய்ததை மீட்டெடுக்கும் வசதிக்காக வைத்திருக்கும் பழைய நிலைகள் இதில் அடங்கா.

முப்பத்திரண்டு பிட்டு முகவரியை உடைய பழைய கணினிகள் எண்ணிக் காட்டக்கூடிய இடங்களின் உச்சவரம்பே 4,294,967,296 பைட்டுகள்தாம். அவற்றிலும் ஒரு மென்பொருளுக்குக் கிடைத்த பங்கு குறைவு. எனவே, போட்டோஷாப்பு போன்றவை படத்தின் ஒரு பகுதியை நினைவகத்தினின்று எடுத்து வட்டில் வைத்துக்கொள்ளும் உபாயத்தைக் கைக்கொண்டன. இதனையே ஸ்கிராட்ச் டிஸ்க் என்பர். வட்டும் நிரம்பிவிட்டால் வேலை நின்றுவிடும். இக்குறை சிறு திருத்தத்தால் தீரத்தக்கதன்று. அறுபத்துநான்கு பிட்டு முகவரிக்கு மென்பொருள் முழுவதையும் மாற்றியெழுத வேண்டியிருந்தது. விண்டோஸ் கணினிகளுக்குப் போட்டோஷாப்பு அவ்வாறு மாறியது 2008-இல். மாக்கின்டாஷ் கணினிகளுக்கோ 2010 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏனெனில், அதன் அடித்தளமாயிருந்த கார்பன் என்னும் அமைப்பிற்கு அறுபத்துநான்கு பிட்டு வடிவம் வாராது என்று ஆப்பிள் நிறுவனத்தார் 2007-இல் அறிவித்துவிட்டனர். ஒரு வீட்டைப் பழுது பார்க்கையில் மனையே மாறினாற் போன்ற நிலை அது.

நினைவகம் போதாமை ஒரு காரணம். அதனினும் நுட்பமானது, நினைவகத்தைத் தவறாகக் கையாளுதல். இதனை நம் விடுதியைக் கொண்டே விளக்கலாம். விடுதியில் நாற்பதாம் எண் அறையில் ஒரு மாணவர் இருக்கிறார்; அவருக்கு வரும் கடிதங்களை அவ்வறையிற் சேர்க்குமாறு கடிதம் கொணர்வோர் இருவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அம்மாணவர் அறையைக் காலிசெய்து போகின்றார். ஒருவர் கையிலுள்ள சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மற்றவர் கையிலுள்ளதை மறந்துபோனார்கள். அவர் பழைய சீட்டை நம்பி நாற்பதாம் அறைக்குச் செல்கின்றார். அறை இன்னும் வெறுமையாயிருப்பின் கேடொன்றுமில்லை. வேறொருவர் குடிவந்திருப்பின், அவர் மேசைமேல் பிறர் கடிதம் கிடக்கும். அறையே பூட்டப்பட்டிருப்பின், காவலர் பிடித்து வெளியே தள்ளிவிடுவார். நாம் ஓர் அடுக்கை அழித்துவிட்ட பின்னும், மென்பொருளின் ஏதோ ஒரு மூலை அவ்வடுக்கு இருந்த இடத்தின் முகவரியை வைத்துக்கொண்டிருந்து, அங்கே எழுதச் செல்வது இப்படிப்பட்டதே. காவலராகிய இயக்க முறைமை மென்பொருளை வெளியே தள்ளுவதே கிராஷ் என்பது.

இதனால் இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, ஒரே பிழை ஒருநாள் தோன்றி மறுநாள் தோன்றாதிருப்பதேன் என்பது. அறை அன்று வெறுமையாயிருந்தது, அவ்வளவே. மற்றொன்று, திடீரென நின்றுபோதல் தீமைகளுள் சிறியது என்பது. நில்லாமல், பிறர் மேசைமேல் எழுதிவிட்டு அமைதியாக வேலையைத் தொடரும் மென்பொருள் நம் சித்திரத்தையே கெடுத்து, கெட்டதைச் சேமித்தும் வைத்துவிடும். நம் கருத்தில், காவலர் இல்லாத விடுதியே அஞ்சத்தக்கது. 2001-இல் மாக் ஓ.எஸ். டென் வருமுன் இருந்த மாக்கின்டாஷ் கணினிகளில் இத்தகைய காவல் இல்லை. ஆதலின் ஒரு மென்பொருளின் பிழை கணினி முழுவதையுமே வீழ்த்திவிடுவது வழக்கமாயிருந்தது.

பிழை எப்போதும் மென்பொருளினுள்ளேயே இருக்கும் என்பதும் இல்லை. 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு தொடங்கிப் போட்டோஷாப்பு, திரையில் படத்தைக் காட்டும் வேலையின் ஒரு பகுதியைக் கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்தது. வேகம் கூடியது, ஆனால் அந்தக் கார்டை இயக்கும் டிரைவரை எழுதுவோர் வேறு நிறுவனத்தார். கார்டுகளோ பலப்பல. இதுபற்றியே, மென்பொருள் அடிக்கடி நிற்குமாயின் முதலில் கிராபிக்ஸ் கார்டின் உதவியை நிறுத்திப் பார்க்குமாறு கூறுவர். அதன்பின் நில்லாது ஓடுமாயின், புதுப்பிக்க வேண்டுவது பெரும்பாலும் டிரைவரையே.

எழுத்துருக்களும் இவ்வாறே. அவற்றைப் படிப்பதிலும், எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்ப்பதிலும் பிழை நேரின் விளைவு எத்தகையது என்பதை 2018 பிப்ரவரியில் உலகம் கண்டது. தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்தமாத்திரத்தே ஐபோனில் அதனைக் காட்ட முயன்ற செயலிகள் நின்றுபோயின. அம்மாதம் 19-ஆம் தேதி வெளியான 11.2.6 என்னும் பதிப்பு அக்குறையைத் தீர்த்தது. தமிழர்க்கும் இதில் படிப்பினை உண்டு. 'கொ' என்னும் எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. கணினியிலோ ககரமே முதலிற் பதிவாகின்றது. இடம் மாற்றி அடுக்கும் வேலையைச் சரிவரச் செய்யாத மென்பொருளில் கொம்பு ஒருபுறம், மெய் ஒருபுறமாகச் சிதறும். புத்தகப் பக்கங்களை அமைக்கும் இண்டிசைனில் தமிழ் முதலிய இந்திய மொழிகளைச் செவ்வனே அடுக்கும் வசதி 2012-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் இடம்பெற்றது. நம் அச்சகத்தார் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களை நெடுங்காலம் விடாது பற்றியிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைக் குறைகூறுவது முறையன்று.

இனித் திருத்தம் எங்ஙனம் பிறக்கின்றது எனின், அது பெரும்பாலும் பயனாளர் ஒருவரின் முறையீட்டிலேயே பிறக்கின்றது. மென்பொருள் விழும் கணத்தில், எந்தக் கட்டளை எந்தக் கட்டளையை அழைத்தது என்னும் வரிசை பதிவாகும். அது விழுந்த இடத்தைக் காட்டுமேயன்றி, விழுவதற்குக் காரணமாய் மறக்கப்பட்ட பழைய சீட்டைக் காட்டாது. அதனைக் காண, எழுதியோர் தம் கணினியிலும் அதே வீழ்ச்சியை நிகழ்த்திப் பார்த்தாக வேண்டும். நிகழ்த்த இயலாத பிழையைத் தீர்ப்பது மிக அரிது. நிகழ்த்த இயன்றபின் காரணத்தைத் தேடித் திருத்துவர். அதன்பின் அதே பிழை மீண்டும் தலைகாட்டாதபடி ஒரு சோதனையை எழுதி, ஒவ்வொரு புதிய பதிப்பிற்கு முன்னரும் அதனை ஓட்டிப் பார்ப்பர். இங்க்ஸ்கேப் 1.0 என்னும் பதிப்பு 2020 மே மாதத்தில் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே 1.0.1 வந்தது. பின்னதன் நோக்கம் பெரும்பாலும் பிழை திருத்தமே. இத்தகைய மூன்றெண் முறையில், இறுதி எண் மட்டும் மாறியிருப்பின் திருத்தம் என்றும், முதல் எண் மாறியிருப்பின் பெருமாற்றம் என்றும் பொதுவாகக் கொள்ளலாம்.

ஆதலின் முறையீட்டின் தரமே திருத்தத்தின் தரம் என்னலாம். "அடிக்கடி நின்றுபோகிறது" என்று எழுதுவது மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வதை ஒக்கும். எந்தப் பதிப்பு, எந்த இயக்க முறைமை, எதை எதன்பின் செய்தபோது நின்றது என்பவற்றை வரிசையாக எழுதி, நிற்கச் செய்யும் கோப்பையும் சேர்த்தனுப்ப வேண்டும். கோப்பு பெரிதாயின் அதன் நகலை எடுத்து, பாதிப் பொருள்களை நீக்கித் திறந்து பார்க்கலாம். இன்னும் நிற்குமாயின் குற்றம் எஞ்சிய பாதியில் உள்ளது. இல்லையேல் நீக்கிய பாதியில். இங்ஙனம் பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால், ஆயிரம் பொருள்களுள்ளும் குற்றமுடைய ஒன்றைப் பத்து முறைக்குள் பிடித்துவிடலாம். தமிழ் எழுத்து சிதைந்து காட்சியளிப்பின், தமிழ் படிக்கத் தெரியாத பொறியாளர் அதனைச் சிதைவு என்றே அறியார். தமிழ் அறிந்தார் எடுத்துச் சொல்லாதவரை அப்பிழை எத்தனை பதிப்புகள் வரினும் அங்கேயே கிடக்கும். இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகியவற்றின் பிழைப்பட்டியல் யாவரும் காணவும் எழுதவும் திறந்தே இருக்கின்றது.

புதுப்பிப்பு யாவும் நன்மையே தரும் என்று எண்ணுதலும் தகாது. 2016 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் கிரியேட்டிவ் கிளவுட் புதுப்பிப்பொன்று, மாக்கின்டாஷ் கணினிகளில் அகரவரிசைப்படி முதலாவதாக நின்ற கோப்புறையின் உள்ளடக்கத்தை அழித்துவிட்டது. பேக்பிளேஸ் என்னும் காப்புநகல் சேவையின் மறைவான கோப்புறையே பலருடைய கணினிகளில் முதலாவதாக இருந்தமையால், நகல் எடுத்துவைக்கும் கருத்துடையோரே முதலில் அடிபட்டனர்! 2020 ஆகஸ்டில், ஐபோனுக்கும் ஐபாடுக்குமான லைட்ரூம் 5.4.0, மேகச் சேமிப்பில் ஏறாதிருந்த படங்களைப் பலர்க்கு இல்லாமற் செய்தது. அடுத்து வந்த 5.4.1 மேலும் கேடு நிகழாமல் தடுத்ததேயன்றி, போனவற்றை மீட்டுத் தரவில்லை. பிழையன்றி, மனமறிந்து செய்யும் மாற்றங்களும் பழைய வேலையைத் தாக்கும். 2017-இல் வந்த இங்க்ஸ்கேப் 0.92, ஓர் அங்குலத்திற்கு 90 என்றிருந்த அளவை 96 ஆக்கியது. பழைய கோப்பைத் திறக்கும்போது அளவை எவ்வாறு மாற்றுவது என்று பயனாளரைக் கேட்கவும் செய்தது. அங்ஙனம் கேட்டது நன்று. அடோபியார் டைப் 1 என்னும் பழைய எழுத்துரு வகைக்கு அளித்த ஆதரவை 2023 ஜனவரியோடு நிறுத்தினர். அவற்றைக் கொண்டு அமைத்த பழைய பக்கங்களைப் புதிய பதிப்பில் திருத்தப் புகுவோர் மாற்று எழுத்துரு தேட வேண்டியவராயினர்.

ஆகவே, ஒரு மலரையோ சுவரொட்டியையோ அச்சகத்திற்கு அனுப்பும் வாரத்தில் மென்பொருளைப் புதுப்பிப்பது தகாது. வேலை முடிந்தபின் செய்துகொள்ளலாம். புதுப்பிக்குமுன் கோப்புகளின் நகலை வேறொரு வட்டில் வைத்தலும், நிறைவுற்றதைப் பி.டி.எப். வடிவிலும் எடுத்துவைத்தலும் பெரிய உழைப்பல்ல. தானாகச் சேமிக்கும் வசதி போட்டோஷாப்பில் 2012-இலும், இல்லஸ்ட்ரேட்டரில் 2015-இலும் வந்தது. ஆயினும் அது வீழ்ச்சிக்கு மருந்தேயன்றி, வட்டு கெட்டுப்போவதற்கு மருந்தன்று. இங்க்ஸ்கேப் விழ நேர்கையில், திறந்திருக்கும் சித்திரங்களின் நகலை எழுதிவைத்து, எழுதிய இடத்தையும் அறிவித்துவிட்டே மூட முயலும். அந்நகலை மூலக்கோப்பின்மேல் எழுதாமல் வேறு பெயரில் வைக்கின்றது. விழும் தறுவாயில் நினைவகம் கெட்டிருப்பின் நகலும் கெட்டிருக்கக்கூடும் அன்றோ? அவ்வறிவிப்பைப் படியாமல் மூடிவிடுவோர் பலர். அதில் காணும் கோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்நகலைத் திறந்து செவ்வையாயிருத்தல் கண்ட பின்னரே மூலக்கோப்பிற்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும்.