வயர் போகட்டும்... நம்பர் இருக்கட்டும்! இன்டர்நெட் போனுக்கு மாறும் முன் சோமனூர் தொழில்கூடங்கள் கவனிக்க வேண்டியவை

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கும் சோமனூரில் ஒரு தறிக்குடோனுக்குள் நுழைந்தால், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. கை ஜாடையிலேயே பாதி வேலை நடக்கும். விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தைகளில் 'சோமனூர் ரகம்' என்று தனியாகவே பேசப்படும் அளவுக்குத் தறியோடு பின்னிக்கிடக்கும் ஊர் இது.

அந்தச் சத்தத்தைத் தாண்டி வெளியுலகத்தோடு பேச இருந்தது ஆபீஸ் ரூம் மேஜையில் இருக்கும் லேண்ட்லைன்தான். பாவு நூல் எப்போது வரும், சைசிங் முடிந்ததா, காடா துணி ஏற்றிய லாரி கிளம்பிவிட்டதா என எல்லா விசாரிப்பும் அதில்தான். பில் புக், போர்டு, நூல் வியாபாரியின் டைரி என எல்லா இடத்திலும் அந்த நம்பர்தான் இருக்கும்.

இப்போது அந்தக் காப்பர் வயரின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஜப்பான் 2024-ல் தன் பழைய டெலிபோன் வலைப்பின்னலை இணையத் தொழில்நுட்பத்துக்கு மாற்றியது. இங்கிலாந்து 2027 ஜனவரிக்குள் பழைய லேண்ட்லைன்களை முழுதாக நிறுத்தப் போகிறது. நம் ஊரிலும் காப்பர் இருந்த இடத்துக்கு ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. மாறுவதா வேண்டாமா என்ற கேள்வியைவிட, எதையும் இழக்காமல் எப்படி மாறுவது என்பதுதான் இப்போது முக்கியம்.

வாட்ஸ்அப் கால் வேறு, இன்டர்நெட் போன் வேறு

இரண்டிலும் குரல் ஒரே விதமாகத்தான் பயணிக்கிறது. பேச்சைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி இணையத்தில் அனுப்பி, மறுமுனையில் சேர்த்துக் குரலாக்குகிறார்கள். ஆனால், வாட்ஸ்அப்பில் பேச எதிரில் இருப்பவரிடமும் வாட்ஸ்அப் இருக்க வேண்டும். தொழிலுக்கான இன்டர்நெட் போனுக்கு என்று முறையான நம்பர் உண்டு. எந்த லேண்ட்லைனில் இருந்தும், எந்த பட்டன் போனில் இருந்தும் அந்த நம்பருக்கு அடிக்கலாம்.

இந்தியாவில் இது சீக்கிரம் வந்துவிடவில்லை. 2002 ஏப்ரலில் இணையவழிப் பேச்சுக்கு அனுமதி கிடைத்தபோது, கம்ப்யூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கும், வெளிநாட்டு போன்களுக்கும் மட்டுமே பேச முடிந்தது. உள்ளூர் போன் நம்பர்களுக்கு அழைக்க வழியில்லை. அந்தத் தடை விலகியது 2018-ல்தான். அந்த ஆண்டு ஜூலையில் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற சேவையை, ஆண்டுக்கு 1,099 ரூபாய்க் கட்டணத்தில் அறிமுகம் செய்தது. சிம் கார்டே இல்லாமல், ஒரு ஆப் மூலம் எந்த போனுக்கும் பேசலாம் என்ற வசதி அப்படித்தான் வந்தது.

மூன்று வழிகள்

முதல் வழி எளிமையானது. ஃபைபர் பிராட்பேண்ட் வாங்கினால், அதன் மோடத்திலேயே டெலிபோன் செருகும் இடம் இருக்கும். பழைய போனையே அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு போன் மட்டும் உள்ள தறிக்குடோனுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, ஆபீஸ், குடோன், பேக்கிங், கேட் என நாலைந்து இடங்களில் இன்டர்காம் வைத்திருப்பவர்களுக்கானது. பழைய இன்டர்காம் பெட்டிக்குப் பதில், இணையத்தில் இயங்கும் எக்ஸ்சேஞ்ச் ஒன்றை ஆபீஸிலேயே வைப்பது. இதற்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு. 1999-ல் அமெரிக்காவின் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் சிறு கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஆபீஸுக்கு ஓர் எக்ஸ்சேஞ்ச் பெட்டி வேண்டும். கேட்ட விலை கைக்கு எட்டவில்லை. சாதாரண கம்ப்யூட்டரையே எக்ஸ்சேஞ்சாக மாற்றும் சாஃப்ட்வேரைத் தானே எழுதினார். 'ஆஸ்டரிஸ்க்' என்ற பெயரில் அதை இலவசமாகவும் வெளியிட்டார். இன்றைக்குச் சந்தையில் கிடைக்கும் பல இணைய எக்ஸ்சேஞ்சுகளின் அடித்தளம் அதுதான்.

மூன்றாவது, பெட்டியே இல்லாத கிளவுட் முறை. மாதச் சந்தா கட்டினால், எக்ஸ்சேஞ்ச் வேலையைச் சேவை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். நூல் கொள்முதலுக்கு 1, கணக்குக்கு 2 என்று குரல் வழிகாட்டும். முதலாளி சூரத்தில் இருந்தாலும் ஆபீஸ் நம்பருக்கு வரும் அழைப்பு அவருடைய செல்போனில் மணி அடிக்கும். தவறிய அழைப்புகள் எல்லாம் பட்டியலாக நிற்கும். தறிச் சத்தத்தில் போனைத் தவறவிடும் ஊருக்கு, இந்தப் பட்டியல் ஒன்றே பெரிய லாபம்.

நம்பர்தான் சொத்து

மாறுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். செல்போன் நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரியில் இருந்து நாடு முழுவதும் இருக்கிறது. அதே பழக்கத்தில், லேண்ட்லைன் நம்பரையும் எந்தக் கம்பெனிக்கும் கொண்டுபோகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். லேண்ட்லைனுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை.

அதனால், பழைய இணைப்பை முதலில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதைத் தேடினால், இருபது முப்பது வருஷம் பழகிய நம்பர் கையைவிட்டுப் போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை மட்டுமே அழைக்கும் மும்பை வியாபாரி, பழைய டைரியைப் பார்த்து அடிப்பார். 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று கேட்டால், அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். போன ஆர்டர் போனதுதான். அப்படி ஒருவர் அழைத்தார் என்பதே நமக்குத் தெரியவராது.

இதற்கு இரண்டு வழி உண்டு. இப்போது இணைப்பு தரும் அதே நிறுவனத்திடம், காப்பரில் இருந்து ஃபைபருக்கு அதே நம்பரோடு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பி.எஸ்.என்.எல்.லில் வசதியுள்ள எக்ஸ்சேஞ்சுகளில் இது செய்து தரப்படுகிறது. அது முடியாவிட்டால், பழைய இணைப்பைக் குறைந்த வாடகைத் திட்டத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு வரும் அழைப்புகளைப் புதிய நம்பருக்குத் திருப்பிவிடுங்கள்.

கரன்ட் போனால் போனும் போகும்

பழைய லேண்ட்லைனுக்கு ஒரு பெருமை உண்டு. ஊரே இருட்டில் கிடந்தாலும் அது வேலை செய்யும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் இருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே காப்பர் வயரில் வந்துகொண்டிருப்பதே காரணம். ஃபைபரில் வருவது ஒளி. அதில் மின்சாரம் வராது. உங்கள் இடத்தில் கரன்ட் போனதும் மோடம் அணையும், கூடவே போனும் ஊமையாகிவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில், வயதானவர்கள் ஆபத்தில் அழுத்தி உதவி கேட்கும் கருவிகள் லேண்ட்லைனை நம்பியே இருந்தன. இணையத்துக்கு மாற்றியதும் சிலருடைய கருவிகள் வேலை செய்யவில்லை. அதனால் 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தையே அங்கு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

தறிகளுக்கு பேக்-அப் வைப்பது கட்டுப்படியாகாது. மோடத்துக்கு வைப்பது சுலபம். ஒன்றிரண்டாயிரம் ரூபாயில் கிடைக்கும் சிறிய யு.பி.எஸ். மோடத்தைச் சில மணி நேரம் தாங்கும். கிளவுட் முறையில் இருப்பவர்கள், நெட் நின்றால் அழைப்புகள் தானாகவே செல்போனுக்குப் போகும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். தீ, விபத்து என்று அவசரம் வந்தால் 112-ஐச் செல்போனில் அழைப்பதே நல்லது. ஆபீஸ் நம்பரை ஆப் வழியாக வேறு ஊரில் இருந்து பேசினால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது சரியாகத் தெரியாமல் போகலாம்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

ஒரு அழைப்புக்கு வினாடிக்குச் சுமார் 100 கிலோபிட் போதும். ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசினாலும் அரை மெகாபிட்தான். ஆகவே, பெரிய பிளான் தேவையில்லை. வேகத்தைவிடச் சீர்தான் முக்கியம். ஒருவர் பேசியது மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். சி.சி.டி.வி. கேமராக்களும் போனும் ஒரே இணைப்பில் இருந்தால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். போனுக்கு முன்னுரிமை தரும்படி ரவுட்டரில் அமைக்கச் சொல்லுங்கள். மேஜை போன்களை வைஃபையில் விடாமல் கேபிளில் இணைப்பது நல்லது.

பில் எகிறாமல் இருக்க...

இணையத்தில் இருக்கும் எக்ஸ்சேஞ்சைத் திருடர்களும் தேடுவார்கள். 1234 போன்ற பாஸ்வேர்டு இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் உள்ளே புகுந்து, அதிகக் கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். பில் உங்கள் தலையில் விழும். வெளிநாட்டு வாடிக்கையாளர் இல்லை என்றால் ஐ.எஸ்.டி.யை மூடிவிடுங்கள். இருந்தால், மாத உச்சவரம்பு வையுங்கள்.

'உங்கள் பில்டிங்கில் ஒரு பெட்டி வைக்கிறோம், மாதம் வாடகை தருகிறோம்' என்று யாராவது வந்தால் உஷார். வெளிநாட்டு இணைய அழைப்புகளை உள்ளூர் அழைப்புபோல மாற்றும் சட்டவிரோத எக்ஸ்சேஞ்சாக அது இருக்கலாம். இடம் கொடுத்தவரும் வழக்கில் சிக்குவார். சந்தேகமான அழைப்புகளை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் தெரிவிக்கலாம். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

மாறும் வரிசை

* முதலில் புதிய இணைப்பை வாங்குங்கள். பழையதைத் தொட வேண்டாம்.
* இரண்டையும் குறைந்தது இரண்டு மாதம் சேர்த்தே ஓட்டுங்கள். ஒருநாள் வேண்டுமென்றே மெயினை அணைத்து, போன் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள்.
* ஃபேக்ஸ், திருட்டு அலாரம் என்று பழைய லைனில் வேறு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இணைய லைனில் இவை சரியாக ஓடாமல் போகலாம்.
* புதிய நம்பர் என்றால் பில் புக், போர்டு, ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் மாற்றுங்கள்.
* பழைய நம்பருக்கு அழைப்பு வருவது ஒரு முழு வருஷம் நின்ற பிறகுதான் சரண்டர் பற்றி யோசிக்க வேண்டும்.

தறியில் புதுப் பாவு ஏற்றும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதியதோடு முடிந்த பிறகுதான் தறியை ஓட்டுவார்கள். போனை மாற்றுவதும் அப்படித்தான். பழைய நம்பரைப் புதிய லைனோடு முடிச்சுப் போட்டுவிட்டு, அதன் பிறகு வயரை வெட்டுங்கள்.