கிளட்சும் லிப்டும்: வண்டியைப் பிரிக்கும் முன்

நாற்று தயாராக இருக்கிறது. வயலில் தண்ணீர் கட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்துப் பழைய டிராக்டர் மக்கர் செய்கிறது. இன்ஜின் ஓடுகிறது, வண்டி இழுக்கவில்லை. அல்லது கலப்பை மேலே ஏறவில்லை. மெக்கானிக் வருகிறார். "பிரித்துத்தான் பார்க்கணும்" என்கிறார்.

பிரிப்பது என்றால் என்ன? இன்ஜினை ஒரு பக்கமும் கியர் பெட்டியை ஒரு பக்கமும் விலக்கி, டிராக்டரை நடுவில் இரண்டாக்குவது. கூலி ஆகும். சாமான் செலவு ஆகும். வாடகை உழவு கை நழுவிப் போகும். நடவும் தள்ளிப் போகும்.

சில பழுதுகளுக்குப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பல பழுதுகள் வெளியிலேயே தெரியும். பெடல், லீவர், ஆயில் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். இதற்கு ஒரு ஸ்பானரும் ஒரு துணியும் போதும்.

நம் நாட்டில் 1959-இல் பரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1960-இல் சென்னையில் டாபே நிறுவனம் தொடங்கியது. அதன் மேசி பெர்குசன் 1035 வண்டியைத் தெரியாத உழவர் குறைவு. பல ஆண்டு ஓடிய 1035 வண்டிகள் இன்றும் வயலில் இறங்குகின்றன. இங்கே அந்த வண்டியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். மற்ற வண்டிகளில் சில பாகங்கள் வேறு மாதிரி இருக்கும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு தட்டை வைத்து அழுத்துங்கள். கைகள் திரும்பினால் தட்டும் திரும்பும். கைகளைத் தளர்த்தினால் தட்டு நின்றுவிடும். கிளட்சும் அப்படித்தான். பிளைவீல் ஒரு கை. பிரஷர் பிளேட் இன்னொரு கை. நடுவில் இருப்பது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிடி தளர்கிறது. விட்டால் இறுகுகிறது.

பிளேட் தேய்ந்தாலோ, அதில் ஆயில் பட்டாலோ பிடி வழுக்கும். அப்போது இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி நகராது. கருகிய வாடை வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். வெட்டவெளியில் வண்டியை நிறுத்துங்கள். முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக மிதியுங்கள். மேல் கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகிவிடும்.

வழுக்குகிறது என்று தெரிந்ததும் பிளேட் வாங்க ஓடாதீர்கள். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். பிறகுதான் கனம் தெரிய வேண்டும். அந்த லேசான தூரத்தை 'பிளே' என்பார்கள். பல டிராக்டர்களில் இது 2 முதல் 3 சென்டிமீட்டர். சிலவற்றில் இன்னும் குறைவு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரி. பிளேட் தேயத் தேய இந்தப் பிளே குறையும். பிளே இல்லாத பெடல், யாரோ எப்போதும் காலால் அழுத்திக்கொண்டிருப்பது போன்றது. பெடலோடு சேர்ந்த கம்பியில் உள்ள நட்டைத் திருகிப் பிளேயைச் சரி செய்யலாம். பல வண்டிகள் இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும்.

பெடல் மேல் காலை வைத்தபடியே உழும் பழக்கம் பலருக்கு உண்டு. பிளேட்டைத் தின்பதில் அதற்கு ஈடு வேறில்லை.

கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா? அது வேறு கோளாறு. பிளே அதிகமாகி, பிடி முழுதாக விடவில்லை. அதையும் அதே நட்டில் சரி செய்யலாம். மழைக்காலம் முழுவதும் சும்மா நின்ற வண்டியில் துருவால் பிளேட் ஒட்டிக்கொள்வதும் உண்டு. நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை மிதித்து, ஒரு மரக்கட்டையால் அப்படியே முட்டுக் கொடுத்து வையுங்கள். ஒட்டாது.

கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஒரு பின் தொங்கும். சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் கருப்பு ஆயில் சொட்டினால் இன்ஜின் பின்பக்க சீல் போய்விட்டது. வெளுத்த, கெட்டியான ஆயில் என்றால் கியர் பெட்டி சீல். இதற்கு வண்டியைப் பிரித்தே ஆக வேண்டும். பிரித்த பிறகு கஞ்சத்தனம் வேண்டாம். பிளேட்டோடு சீல்களையும் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். சீலை விட்டுவிட்டால் புதுப் பிளேட்டும் ஆயிலில் நனையும்.

லிப்ட் ஏறவில்லையா?

இந்த உரையாடலைக் கேளுங்கள்.

"அண்ணே, லிப்ட் ஏறவே மாட்டேங்குது. பம்பு போச்சா?"

"பி.டி.ஓ. லீவர் எங்கே இருக்கு தம்பி?"

"நேத்து கதிரடிக்கிற மிஷினைக் கழட்டினப்போ அதையும் எடுத்து விட்டேன்."

"போட்டுட்டுத் தூக்கிப் பாரு."

கலப்பை ஏறிவிட்டது!

காரணம் என்ன? மேசியின் பழைய வண்டிகளில் லிப்ட் பம்பு கியர் பெட்டிக்குள், ஆயிலுக்குள்ளேயே இருக்கிறது. பி.டி.ஓ. தண்டுதான் அதைச் சுற்றுகிறது. பி.டி.ஓ. நின்றால் பம்பும் நிற்கும். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும். முழுதாக மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். லிப்டும் ஏறாது. ஆகவே லிப்ட் ஏறவில்லை என்றால் கிளட்சையும் ஒரு கண் பாருங்கள்.

அடுத்தது ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிப்ட் கைகளை இறக்கி, அளவுக் கம்பியைப் பாருங்கள். அளவு குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். லிப்ட் குதித்துக் குதித்து ஏறும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. சேற்று உழவில் இது சாதாரணம். தேய்ந்த சீல் வழியாகவும், கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாகவும் தண்ணீர் புகும். இரவு முழுவதும் வண்டி நிற்கட்டும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் அடியில் உள்ள வடிகால் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வரும். ஆயில் வந்ததும் இறுக்குங்கள். அப்போதும் ஆயில் மோராகவே இருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். பில்டரையும் கழுவ வேண்டும். பில்டர் அடைத்தால் பம்பு முனகும், லிப்ட் மெதுவாக ஏறும்.

பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் உள்ள கரியும் இரும்புத் தூளும் பம்பைத் தேய்க்கும்.

காலையில் நன்றாகத் தூக்கி, வண்டி சூடானதும் தூக்கவில்லை என்றால் பம்பு தேய்ந்திருக்கலாம். சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடத்தில் கசிகிறது. தூக்கிய கலப்பை, இன்ஜினை நிறுத்திய சில நிமிடத்தில் இறங்கிவிட்டால் சிலிண்டர் சீல் அல்லது வால்வு கசிகிறது. இதற்கு மெக்கானிக் வேண்டும். ஆனால் சிலிண்டர் சீலுக்கு வண்டியை நடுவில் பிரிக்கத் தேவையில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள கனமான மூடியைத் தூக்கினால் போதும். யாராவது "இரண்டாகப் பிரிக்கணும்" என்றால், "எதற்கு?" என்று கேளுங்கள்.

தூக்கிய கலப்பையைத் தாங்கி நிற்பது வெறும் ஆயில். சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. யார் கையாவது லீவரில் பட்டாலும் கலப்பை விழும். அதன் அடியில் போகாதீர்கள். கொழு மாற்றுவதானாலும், சிக்கிய வைக்கோலை எடுப்பதானாலும், கலப்பையைத் தரையில் இறக்கி இன்ஜினை நிறுத்துங்கள். தூக்கியே வைக்க வேண்டியிருந்தால் உறுதியான கட்டை முட்டுக் கொடுங்கள். செங்கல் வேண்டாம்; உடையும். பி.டி.ஓ. சுற்றும்போது வேட்டி, துண்டு, சேலை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். ஆயில் மாற்றிய தேதி என்ன? டப்பாவில் என்ன பெயர் இருந்தது? மீட்டரில் எத்தனை மணி ஓடியிருக்கிறது? கோளாறு சூட்டில் வருகிறதா, குளிரிலுமா? இந்த வேலைகளை முறையாகக் கற்க விரும்பினால் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. முதல் நிலையம் 1955-இல் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் தொடங்கியது. ஹரியானாவில் ஹிசார், அசாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகிய ஊர்களிலும் உண்டு. தெற்கே உள்ளவர்களுக்குப் பக்கம், ஆந்திரத்தில் அனந்தபூர் மாவட்டத்துக் கார்லதின்னே.