ஆபரேஷனா, கரண்டா? புற்றுநோய் டாக்டர்கள் முடிவெடுக்கும் விதம்

ஒரு டாக்டர் ஆபரேஷன்தான் வழி என்கிறார். அடுத்த ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தால் போதும் என்கிறார்கள் (கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் ஊரில் அப்படித்தான் சொல்வது வழக்கம்). யாரை நம்புவது? புற்றுநோய் என்று தெரிந்த சில நாட்களிலேயே பல குடும்பங்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொள்கின்றன.

இருவரில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று உடனே நினைத்துவிடாதீர்கள். சில புற்றுநோய்களுக்கு உண்மையிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டியிருக்கும். எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்பதில்தான் டாக்டர்களுக்கே சிரமம். குரல்வளைப் புற்றுநோயை வைத்து இதைப் பார்ப்போம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதிகம் வரும் நோய் அது.

நோய் கொஞ்சம் வளர்ந்துவிட்டால், முன்பெல்லாம் குரல்வளை முழுவதையும் எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பும், சொந்தக் குரல் போய்விடும். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் கடைசிவரை மூச்சுவிட வேண்டும்.

குரலைக் காப்பாற்ற வழியே இல்லையா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் 332 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆபரேஷனும் பிறகு கதிர்வீச்சும். இன்னொரு பிரிவினருக்கு முதலில் கீமோ (ரத்தத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்து). கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு, சுருங்காவிட்டால் ஆபரேஷன். 1991-இல் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து இரு பிரிவிலும் 68 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ பிரிவில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியிருந்தது.

அப்படியானால் எல்லாருக்கும் இதையே செய்துவிடலாமே? முடியாது. அதே ஆய்வில், கட்டி மிகப் பெரிதாக இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடைசியில் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் கத்தி வைத்தால் புண் ஆற நாளாகும். குரல்வளையின் குருத்தெலும்பை நோய் ஏற்கனவே அரித்திருந்தால், விழுங்கும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தால், அந்த உறுப்பைக் காப்பாற்றினாலும் அது பழையபடி வேலை செய்யாது. அப்படிப்பட்டவருக்கு ஆபரேஷனே நல்லது.

கட்டியைப் பார்ப்பதோடு டாக்டர்கள் நிற்பதில்லை, உங்கள் உடம்பையும் பார்க்கிறார்கள். இந்த நோய்க்கு அதிகம் தரும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சிறுநீரகத்தையும் காது கேட்பதையும் பாதிக்கும். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுத்தே இருப்பவருக்குக் கடுமையான கீமோ தாங்காது. அதனால்தான் “வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூரம் நடப்பீர்கள்” என்று கேட்பார்கள். வாய்க்கு வந்தபடி நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

பயணமும் ஒரு மருத்துவ விஷயம்தான். கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு 5 நாள், சுமார் 7 வாரம் போய்வர வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் பலன் குறையும். பஸ் வசதி இல்லாத ஊர், கூட வர ஆள் இல்லை, தங்க இடம் இல்லை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மூன்றாவது வாரம் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

சரி, இத்தனையையும் ஒரே டாக்டரா யோசிக்கிறார்? பெரிய மையங்களில் இதற்கென்றே ட்யூமர் போர்டு (பல துறை டாக்டர்கள் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டம்) உண்டு. அறுவை நிபுணர், கீமோ நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், ஸ்கேன் படிப்பவர், நோயியல் நிபுணர் (எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்ப்பவர்) எல்லாரும் இருப்பார்கள். சதை பார்த்த ஸ்லைடைத் திரும்பவும் படிப்பார்கள்; சில சமயம் நோயின் பெயரே மாறிவிடும். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

நீங்கள் சின்ன ஊரில் பார்க்கிறீர்களா? 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் கட்டமைப்பில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் உட்பட நாடு முழுவதும் பல மையங்கள் இணைந்திருக்கின்றன. சிக்கலான கேஸ்களை இணையம் வழியாகவே கூடிப் பேசுகிறார்கள். உங்கள் கேஸை அப்படி வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் ஃபைல்தான் இருக்கும். நீங்கள் வகுப்பெடுக்கும் ஆசிரியரா, கோவிலில் தேவாரம் பாடும் ஓதுவாரா என்பது ஸ்கேனில் தெரியாது. குரல் போனால் பிழைப்பே போய்விடும் என்பவர் ஒருவர். குரல் போனாலும் பரவாயில்லை, ஒரே தடவையில் முடித்துவிடுங்கள் என்பவர் இன்னொருவர். இரண்டும் நியாயமான ஆசை. அதை நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகும், தொண்டையில் வைக்கும் சிறு வால்வு, கழுத்தில் வைத்துப் பேசும் கருவி, பயிற்சி இவற்றின் உதவியோடு பலர் மறுபடி பேசுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

“அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்” என்று வராந்தாவில் நின்று சொல்வது நம் வீடுகளில் பாசத்தால் நடப்பது. எனக்கு அது புரிகிறது. ஆனால் குரலை இழக்கப்போகிறவர் அவர். அவரிடம் கேட்காமல் மகன், மகள் எடுக்கும் முடிவு அவருக்கு அநியாயம்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயாப்சிக்கு (சோதனைக்காகச் சிறிது சதை எடுப்பது) பயப்படுகிறீர்களா? தொண்டையில் முறையாக எடுக்கும் பயாப்சியால் நோய் பரவாது. அது இல்லாமல் எந்த நல்ல டாக்டரும் சிகிச்சையைத் தொடங்கவும் மாட்டார்.

யோசிக்க அவகாசம் உண்டா? சில நாட்கள் பெரும்பாலும் இருக்கும், மாதக்கணக்கில் கிடையாது. எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று நேராகக் கேளுங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, திணறினாலோ யோசனை வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கதிர்வீச்சு என்று முடிவானால், தொடங்கும் முன் பல் டாக்டரைப் பாருங்கள். பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். பீடி, சிகரெட்டை அன்றே நிறுத்திவிடுங்கள். சிகிச்சை நடக்கும்போது புகைத்தால் பலன் குறையும்.

இன்னொரு டாக்டரிடம் போவதாக இருந்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடு, பிளாக் (சதையைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டு), ஸ்கேன் சிடி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். கிளம்பும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: என் கேஸைப் போர்டில் வைத்தீர்களா? வேறு எந்த வழியைப் பற்றிப் பேசினீர்கள்? அதை ஏன் எனக்கு வேண்டாம் என்றீர்கள்? பதிலை உங்கள் ஃபைலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.