பணம் கட்டினால் மட்டும் மென்பொருள் உங்களுடையதாகிவிடாது

கல்பாக்கத்தில் உள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலை என்ற அணு உலையின் வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டுகள். ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கும் மென்பொருள் பிரேம்வொர்க்குகளுக்கு (மென்பொருள் எழுத அடித்தளமாகும் ஆயத்தக் கட்டமைப்புகளுக்கு) அவ்வளவு ஆயுள் கிடைப்பது அரிது. மைக்ரோசாஃப்ட் 2007-இல் வெளியிட்ட சில்வர்லைட்டை 2021 அக்டோபரில் கைவிட்டது. அடோபியின் ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் நின்றது. அதனால் எதில் எழுதலாம் என்று யோசிக்கும் முன், எழுதப்போவது எத்தனை ஆண்டு ஓட வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். ஒரு சீசனுக்கான ஆப், ஆப்பிளின் கருவிகள் இல்லாமல் நகராத ஐபோன் ஆப் போன்றவற்றுக்குத் தனியுடைமைப் பிரேம்வொர்க்கைத் தயங்காமல் எடுக்கலாம். பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டையும் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையும் அதில் பூட்டிவைப்பது ஆபத்து.

கட்டற்ற மென்பொருளும் கைவிடப்படுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், கூகுளின் கட்டற்ற பிரேம்வொர்க்கான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 இறுதியோடு ஆதரவு முடிந்தது. ஆனால் அதன் மூலநிரல் எல்லோர் கையிலும் இருப்பதால், காசு கொடுத்து வேறொருவரிடம் சரிசெய்துகொள்ளலாம். நிறுவனம் இருந்தால் கேட்க ஆள் இருக்கும் என்பதும் சரியே. அதே நிறுவனம் நடுவில் விதியையும் மாற்றலாம். விளையாட்டுகள் உருவாக்கப் பயன்படும் யூனிட்டி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தது. அதைக் கைவிட ஓராண்டு ஆனது.

மென்பொருளைப் பிறரை வைத்து எழுதிவாங்கும்போது அது யாருக்குச் சொந்தம் என்ற சட்டமும் பலருக்குத் தெரிவதில்லை. மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்று வெளியாளை வைத்து ரூம் புக்கிங் மென்பொருள் எழுதிவாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலைபார்ப்பவர் பணியில் எழுதியது பொதுவாக முதலாளிக்கே சேரும். ஒப்பந்தத்துக்கு எழுதிக்கொடுத்தவரின் நிரல், உரிமையை மாற்றி எழுதித்தராதவரை அவருடையதே. 19-ஆவது பிரிவு அந்த மாற்றத்தைக் கையெழுத்திட்ட ஆவணமாகக் கேட்கிறது. கால அளவு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளும். எனவே கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் உரிமை மாற்றம், மூலநிரல், அட்மின் பாஸ்வேர்டு, வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் தரவு ஆகியவற்றை எழுதிவாங்குங்கள். இன்னொரு மென்பொருளோடு இணைக்கத் தேவையான விவரம் வேறு வழியில் கிடைக்காதபோது, முறையாக வாங்கிய நிரலை ஆராய 52(1)(ab) பிரிவு இடம் தருகிறது. கிராக் செய்த பிரதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் சிறைத்தண்டனை வரலாம். எழுதிக்கொடுத்தவர் ஏமாற்றினால், சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவர்கள் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்; பெரிய வணிகம் என்றால் சிவில் நீதிமன்றம்தான். எங்கே போனாலும் ஒப்பந்தம், பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் காட்ட வேண்டியிருக்கும். முதல் நாளிலிருந்தே எடுத்துவையுங்கள்.