வைரக்களம் – 8: மேட்டில் நிற்பவர்களில் யார் முதல்?

சென்ற வாரம் பேப் ரூத்தோடு மட்டைக்காரர்களை முடித்துக்கொண்டோம். இந்த வாரம் அவர்களுக்கு எதிரே, களத்தின் நடுவிலுள்ள மண்மேட்டில் நிற்பவர்கள். பேஸ்பால் பார்க்கிற நாலு பேர் கூடினால் தவறாமல் வரும் சண்டை இது: எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஸ்டார்ட்டிங் பிட்சர் யார்?

ஸ்டார்ட்டிங் பிட்சர் என்றால் தன் அணிக்காக முதல் பந்திலிருந்து வீசுபவர். ஓவர் மாறுகிற பேச்சே கிடையாது. களைக்கும் வரை, அல்லது மேனேஜர் மேட்டுக்கு நடந்துவந்து பந்தைக் கேட்டு வாங்கும் வரை, ஒரே ஆள்தான். இன்றைய வழக்கப்படி, அதன்பின் நாலைந்து நாள் ஓய்வு. அவர் நன்றாக வீசினால் ஆட்டமே அவர் பேரில் எழுதப்படும். சரியாகச் சொன்னால், வெற்றியும் தோல்வியும் கணக்கேட்டில் பெரும்பாலும் அவர் பேரிலேயே பதிவாகும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வெற்றிதான் அளவுகோல் என்றால் விவாதத்துக்கே இடமில்லை. 1890 முதல் 1911 வரை ஆடிய சை யங் பேரில் 511 வெற்றிகள். இன்னொருவர் அந்த எண்ணை நெருங்கப் போவதில்லை. அவர் 1955இல் இறந்ததும், மறு ஆண்டிலிருந்து சிறந்த பிட்சருக்கான விருதே அவர் பெயரில் வழங்கப்படுகிறது. ஆனால் பிட்சர் நன்றாக வீசியும் அவருடைய அணி ரன் எடுக்காவிட்டால்? 1987இல் நாற்பது வயது நோலன் ரயன் நேஷனல் லீகிலேயே மிகக் குறைவான விகிதத்தில் ரன் கொடுத்தார். அவர் பேரில் பதிவானது 8 வெற்றி, 16 தோல்வி! 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வியோடு முடித்தார். நல்லவேளை, அதற்குள் வாக்களிப்பவர்களுக்குத் தெளிவு வந்திருந்தது. சை யங் விருது அவருக்கே போனது.

ஆக, பார்க்க வேண்டியது கொடுத்த ரன்னை. ஃபீல்டர்களின் பிழையால் போன ரன்களைத் தள்ளிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்வது ஈ.ஆர்.ஏ. 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பாப் கிப்சன் கொடுத்தது 1.12. ஆட்டத்துக்கு ஒரு ரன், அவ்வளவுதான். (அப்படி வீசியும் 9 ஆட்டங்களில் தோற்றிருக்கிறார். ரயனுக்கு நேர்ந்ததேதான்.) ஆனால் அந்த வருடம் பிட்சர்கள் எல்லோருக்குமே நல்ல வருடம். டெட்ராய்ட்டின் டென்னி மெக்லைன் 31 ஆட்டங்களில் ஜெயித்தார். அமெரிக்கன் லீகில் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி வெறும் .301 சராசரியில் பேட்டிங் பட்டத்தைத் தட்டிச் சென்றார். நிர்வாகிகள் பயந்துபோய் மறு ஆண்டே மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். ஸ்ட்ரைக் என்று ஏற்கப்படும் பரப்பையும் சுருக்கினார்கள்.

இதனால்தான் வெவ்வேறு காலத்து எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒருவர் தன் காலத்துச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நின்றார் என்பதே கேள்வி. சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தின் தன்மையையும் சேர்த்துப் போட்ட கணக்கில் கிப்சனின் 1968க்கு 258 கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டின் பெட்ரோ மார்ட்டினஸுக்கு 291.

பெட்ரோவிடம் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். டொமினிக்கன் குடியரசுக்காரர். பிட்சர்கள் ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்த காலத்தில் ஆறடியைக்கூடத் தொடாத ஒல்லி உடம்பு. இந்த உடம்பு தாங்காது என்ற சந்தேகத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை மான்ட்ரியாலுக்குத் தள்ளிவிட்டது. 1997இல் அங்கே சை யங் விருது வாங்கினார்; பிறகு பாஸ்டனில் 1999, 2000 என்று இன்னும் இரண்டு. அது ஊக்க மருந்தில் ஊறிய காலம். மார்க் மெக்குவயரும் சாமி சோசாவும் ஆண்டுக்கு அறுபதுக்கு மேல் ஹோம் ரன் விளாசிக்கொண்டிருந்தார்கள். 1999 ஜூலையில் பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பேரி லார்கின், லாரி வாக்கர், சோசா, மெக்குவயர் நால்வரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார் பெட்ரோ. எதிர்கொண்ட ஆறு பேரில் ஐந்து பேர் அப்படித்தான் வெளியேறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கிளீவ்லாந்துக்கு எதிரான தொடரின் ஐந்தாவது, கடைசி ஆட்டம். காயத்தோடு இருந்தவரை 8-8 என்ற நிலையில் இறக்கினார்கள். வேகப்பந்துக்கு முழு வேகம் கொடுக்க முடியாத நிலையிலும் ஆறு இன்னிங்ஸ் வீசினார்; ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. மறு ஆண்டு அமெரிக்கன் லீகின் சராசரி ஈ.ஆர்.ஏ. 5ஐ ஒட்டியிருந்தது. பெட்ரோவுடையது 1.74. இரண்டாம் இடத்தில் வந்த ரோஜர் கிளமென்ஸுடையது 3.70.

எதிர்க்கட்சிக்காரர்களின் வாதமும் வலுவானதுதான். பெட்ரோ மொத்தமே 2,827 இன்னிங்ஸ்தான் வீசினார். வாஷிங்டன் செனட்டர்ஸின் வால்டர் ஜான்சன் 1907 முதல் 1927 வரை வீசியது 5,900க்கும் மேல். 417 வெற்றிகள். எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாத ஆட்டங்கள் 110. அந்தச் சாதனை இன்றும் அசையாமல் நிற்கிறது. பெரும்பாலும் சுமாரான அணிக்காகவே ஆடி இவ்வளவையும் செய்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜான்சனின் காலத்து மேஜர் லீகில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சாட்செல் பேஜ். நீக்ரோ லீக் அணிகளில் வாலிபத்தையெல்லாம் செலவிட்ட பேஜுக்கு 1948இல்தான் கிளீவ்லாந்து கதவைத் திறந்தது. வயது 42. 1965இல், 59 வயதில், ஒரே ஓர் ஆட்டத்துக்குத் திரும்பி வந்து மூன்று இன்னிங்ஸில் ரன் ஏதும் கொடுக்காமல் இறங்கினார். அன்று அவரிடம் ஹிட் அடித்த ஒரே ஆள் மேலே சொன்ன யாஸ்ட்ரெம்ஸ்கி. நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக் என்று மேஜர் லீக் பேஸ்பால் அறிவித்தது 2020இல்தான். பேஜ் இருபத்தைந்து வயதில் யாருக்கெல்லாம் வீசியிருக்க வேண்டியவர் என்று யோசித்தால், இந்த மாதிரிப் பட்டியல்கள்மேல் நம்பிக்கை பாதியாகிவிடும்.

கிளமென்ஸை நான் சேர்க்கவில்லை. ஏழு சை யங் விருது பெற்றவர்தான். ஊக்க மருந்து பற்றிய 2007 மிட்செல் அறிக்கையில் பெயர் வந்தது, அவர் மறுத்தார், பொய்ச்சாட்சி வழக்கில் 2012இல் விடுதலையும் ஆனார். ஆனாலும் பத்து ஆண்டுகள் வாக்களித்த எழுத்தாளர்கள் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குள் விடவில்லை. எனக்கும் மனம் வரவில்லை.

என் வரிசை: 1. பெட்ரோ மார்ட்டினஸ். 2. வால்டர் ஜான்சன். 3. ஆறடி பத்து அங்குல இடக்கையர், 4,875 ஸ்ட்ரைக் அவுட்காரர் ரேண்டி ஜான்சன். 4. வேகத்தை நம்பாமல், 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்கு சை யங் வென்ற கிரெக் மேடக்ஸ். 5. முழங்கை வாதத்தால் முப்பது வயதிலேயே, அதுவும் 27 ஆட்டங்கள் ஜெயித்த ஆண்டின் முடிவில், ஓய்வு பெற்ற சாண்டி கோஃபாக்ஸ். பேஜுக்கு எண் போட எனக்குத் தகுதியில்லை. முதல் ஐவரில் யாரை எழுப்பிவிட்டு அவரை உட்கார வைப்பது என்பதை நீங்கள் எழுதி அனுப்புங்கள். நீண்ட காலம் நின்றதே பெரிது என்பவர்கள் முதல் இரண்டு பேரை இடம் மாற்றிக்கொள்ளலாம், எனக்குச் சண்டையில்லை. கோஃபாக்ஸை இன்னும் கீழே இறக்கச் சொன்னால்தான் சண்டை.

(தொடரும்)