கட்டியை அகற்றிய பிறகு – 6: தைரியம் மட்டும் கரை சேர்க்காது

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாள் முதல் ஒரு பெண்ணின் காதில் அதிகம் விழுவது ‘தைரியமா இரு’ என்ற அறிவுரைதான். அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் அவள் பிழைப்பதும் பிழைக்காததும் அவள் மனதின் பொறுப்பாகிவிடுகிறது. நோய் திரும்பினால் அவளே குற்றவாளி ஆகிறாள். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்வில், மனநிலைக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. சிகிச்சையை முழுமையாக எடுப்பதன் பலனுக்கோ உறுதியான சான்று உண்டு. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றில் டமாக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் எடுத்தால், முதல் 15 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அழுகிறவளும் விடாமல் போட்டால் அந்த மாத்திரை வேலை செய்யும்.

சிகிச்சையை விடாமல் எடுப்பதுதான் தென்காசியில் கடினம். 2019இல் தனி மாவட்டமான இங்கிருந்து அரசு மருத்துவமனையில் ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, பாளையங்கோட்டை போவதென்றால் ஒரு வழிக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். கதிர்வீச்சு வாரத்துக்கு 5 நாள் வீதம் பெரும்பாலும் 3 முதல் 5 வாரம் நடக்கும். அதற்கு முன்போ பின்போ மாதக்கணக்கில் கீமோ. கடையநல்லூரிலும் ஆலங்குளத்திலும் வீட்டில் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சுற்றாத நாளில் வருமானமில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அவள் இழக்கும் கூலியையும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியையும் அது ஈடுகட்டுவதில்லை.

கூலியை ஈடுகட்டுவதைவிட, இருக்கும் பணத்தை முதலில் பரிசோதனை முகாம்களுக்குச் செலவிடலாமே என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் மூன்று இலக்குகளைச் சேர்த்தே வைத்தது: 60 சதவீதத்தினருக்கு நோயை ஆரம்ப நிலையில் கண்டறிவது, 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்வது, 80 சதவீதத்தினர் சிகிச்சையை முடிப்பது. மூன்றாவது நடக்காவிட்டால் முதல் இரண்டும் வீண். குற்றாலத்து மூலிகை இருக்க இத்தனை அலைச்சல் எதற்கு என்பது இன்னொரு வாதம். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு மரண அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்று 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. மூலிகை பக்கத்தில் கிடைக்கிறது. அதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை. மருத்துவமும் அதே அளவுக்கு அருகில் வர வேண்டும்.

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அதே பையில் டமாக்சிஃபெனும் வரலாம். அதைக் கொண்டுவருபவரே, அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறிக்கட்டி அகற்றியவர்களின் கை வீக்கத்தைப் பார்த்துப் பயிற்சி சொல்லித்தரலாம். சிகிச்சைக்குப் போகும் நாட்களுக்கு அரசு கூலி ஈடு தர வேண்டும். வீட்டாருக்கும் வேலை உண்டு. ‘தைரியமா இரு’ என்று சொல்லும் அன்றைக்கே, அடுத்த கீமோவுக்கு யார் கூடப் போவது, பிள்ளைகளுக்கு யார் சோறாக்குவது என்று பேசி முடிவெடுக்க வேண்டும்.

(தொடரும்)