பாயிண்ட்ஸில் ரூம் இலவசம், ரிசார்ட் ஃபீ?

லாஸ் வேகாஸ்ல பாயிண்ட்ஸ் கொடுத்து ரூம் எடுத்தா பைசா செலவில்லைன்னு பலர் நினைக்கிறாங்க. அங்கே பெரும்பாலான பெரிய ஹோட்டல்களில் வைஃபை, நீச்சல்குளம் என்று சொல்லி இரவுக்கு இவ்வளவு என ரிசார்ட் ஃபீ வாங்குகிறார்கள். குளத்துப் பக்கமே போகலைன்னாலும் கட்டணும். முழுக்கப் பாயிண்ட்ஸில் தங்கினால் ஹில்டன், ஹையாட் இரண்டும் அதை விட்டுவிடுகின்றன. மேரியட்டில் அப்போதும் கட்ட வேண்டியிருக்கும்.

தள்ளுபடிக்காக வேறு தளத்தில் புக் பண்ணினா, பெரும்பாலும் பாயிண்ட்ஸும் சேராது, உறுப்பினர் சலுகையும் கிடைக்காது.

2025 மே 12 முதல் அமெரிக்காவில் இந்தக் கட்டணத்தையும் சேர்த்தே விலை காட்டணும்னு விதி. காட்டச் சொல்லுதே தவிர, வாங்காதேன்னு சொல்லலை. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி, கடைசியில் வரும் மொத்தத் தொகையை வைத்துத்தான் நான் ஹோட்டல்களை ஒப்பிடுவேன்.